பெட்டில் ஓட்டை போடாமல் முடியுமா? – ஃபிஃப்த் வீல் ஹிட்ச் கேள்வி-பதில்

கே: பிக்-அப் டிரக்கின் பெட்டில், அதாவது பின்தொட்டியில், பூட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கப் போகிறேன். டிரக் பெட் கெடாத நல்ல ஹிட்ச் (டிரெய்லரைக் கோர்க்கும் பூட்டு) ஒன்று சொல்லுங்கள்.

எந்த டிரக், எந்த வருட மாடல், பெட் எத்தனை அடி, டிரெய்லர் எடை என்ன? எதையுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள பேலோடு எண்ணை, அதாவது டிரக் சுமக்கக்கூடிய எடையை, குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கே: ஹாஃப்-டன் டிரக் (இலகு ரக பிக்-அப்) 10,000 பவுண்டு டிரெய்லரை இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். சரியா?

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, டிரெய்லர் முன்பக்கத்திலுள்ள கிங்பின் என்ற இரும்புக் கம்பி வழியே ‘பின் வெயிட்’டாக பெட்டில் இறங்கும். அதுவே 2,000 பவுண்டு. அதோடு ஹிட்ச், குடும்பம், நாய், கருவிப்பெட்டி எல்லாம் இருக்கின்றன. மஞ்சள் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலான ஹாஃப்-டன் வண்டிகள் அங்கேயே தோற்றுவிடும்.

கே: புது டிரக்கில் ஓட்டை போட மனசு வரவில்லை.

கம்பெனியிலிருந்தே பக் அமைப்போடு (ஹிட்ச் கால்களை இறக்கிப் பூட்ட பெட் தரையிலேயே உள்ள குழிகள்) வந்த டிரக் என்றால் கவலையே இல்லை. நான்கு பக் குழிகளும் எடையை நேராக சேஸிஸுக்குக் கொண்டுபோகும். ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றுக்கும் ஹிட்ச் கால்கள் வேறு வேறு, பார்த்து வாங்குங்கள். பக் இல்லையென்றால், சேஸிஸில் பூட்டிய கூஸ்நெக் (உருண்டைப் பந்தில் கோர்க்கும் இன்னொரு வகை ஹிட்ச்) குழியில் இறங்கி நிற்கும் பி&டபிள்யூ கம்பேனியன் மாதிரி ஹிட்ச். பெட் நடுவில் ஒரு பெரிய துளையும் பாதுகாப்புச் சங்கிலிக்குச் சில சிறு துளைகளும்தான், கழற்றினால் தரை காலியாகிவிடும். டிரெய்லர் கிங்பின்னில் கூஸ்நெக் அடாப்டர் மாட்டும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். அது டிரெய்லர் முன்சட்டத்தை நெம்பும், வாரன்டியும் போகலாம்.

கே: கடையில் ஹிட்ச்சைத் தாங்கும் ரெயில்களை பெட் தரையில் போல்ட் போட்டு மாட்டினோம். மூன்றே மாதத்தில் போல்ட் தளர்கிறது, ரெயில் ஓரம் பெட் தரை குழிந்திருக்கிறது. ஹிட்ச் மட்டமானதா?

ஹிட்ச் மேல் பழி போடாதீர்கள். மாட்டிய விதம்தான் தப்பு. எனக்கு வரும் கடிதங்களில் இந்தக் கதை ஓயவே மாட்டேன் என்கிறது.

பெட் தரை வரிவரியாக மேடும் பள்ளமுமான மெல்லிய தகடு. ரெயில் மேட்டில் உட்காரும், போல்ட் பள்ளத்தில் இறங்கும். தகட்டுக்கும் கீழேயுள்ள சேஸிஸ் பிராக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதை நிரப்பத்தான் கிட்டோடு யூ வடிவ இரும்புத் துண்டுகள் வருகின்றன. அவசரத்தில் அவற்றை விட்டுவிட்டு இம்பாக்ட் கன்னால் முடுக்கினால் தகடு அப்படியே கீழே வளையும். லோடு ஏறி இறங்கும்போது இன்னும் அமுங்கும், போல்ட் தளரும்.

பெட்டில் பிளாஸ்டிக் டிராப்-இன் லைனர் இருக்கிறதா? அதன் மேலேயே ரெயிலை வைத்திருந்தால் அதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் நசுங்கிக்கொண்டே போகும். ரெயில் வரும் இடத்தில் லைனரை வெட்டி எடுத்தாக வேண்டும். ஸ்ப்ரே லைனர் என்றால் பரவாயில்லை. அப்புறம், துளை ஓரங்களில் பெயின்ட் பூசினார்களா? இல்லையென்றால் துரு ஆரம்பித்திருக்கும். 2017 முதல் வரும் ஃபோர்டு சூப்பர் டியூட்டி டிரக்கில் பெட் அலுமினியம். இரும்பு ரெயில் நேராகப் பட்டால் பனிக்கால உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரிக்கும்.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் பாருங்கள். இரும்புத் துண்டு இல்லையென்றால் அதே கடைக்குப் போய் முழுக்கக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச் பிடிக்கட்டும். முதல் பயணம் முடிந்ததும் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

கே: ஆறரை அடி பெட்டுக்கு ஸ்லைடர் (திரும்பும்போது பின்னால் நகர்த்தும் ஹிட்ச்) கட்டாயமா?

டிரெய்லர் மூக்கின் வடிவத்தைப் பொறுத்தது. ஐந்தரை அடிக்குக் கட்டாயம், எட்டடிக்கு வேண்டாம். முடிந்தால் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். கையால் தள்ளும் ஸ்லைடரை ஒருமுறை மறந்தாலும் கேபின் பின்கண்ணாடி போய்விடும்.

கே: கிங்பின்னுக்கு கிரீஸா, டிஸ்க்கா?

பிளாஸ்டிக் டிஸ்க்.

கே: கோர்த்துக் கிளம்பியதும் டிரெய்லர் பெட் சுவர்கள் மேல் விழுந்துவிட்டது. ஏன்?

கிங்பின் ஹிட்ச்சின் தாடைக்குள் போகாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். டிரெய்லர் உயரத்தைச் சரிபார்க்காமல் பின்னால் வந்திருக்கிறீர்கள். கோர்த்ததும் டார்ச் அடித்து, தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டிரெய்லர் கால்களைத் தூக்குவதற்கு முன், டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். வண்டி நகராமல் முரண்டு பிடித்தால் பூட்டியிருக்கிறது. இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், பெட்ரோல் பங்க்கில் கழற்றி மாட்டினாலும்.