அந்தப் பையனை ஏன் உட்காரவைத்தீர்கள்?

கேள்வி: யூதர்கள் வாரம் ஒரு பகுதியாகத் தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) படித்து, வரிக்கு வரி கேள்வி எழுப்புகிறார்களாம். வேதத்தைக் கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகாதா? எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், "மகனைப் பலி கொடு என்றதும் ஆபிரகாம் ஏன் மறுத்துப் பேசவில்லை?" என்றான். "விசுவாசத்தில் கேள்விக்கு இடமில்லை" என்று உட்காரவைத்தேன். சரிதானே?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: சரியில்லை. அந்தப் பையன் வேதத்தைக் கவனமாகப் படித்திருக்கிறான்.

தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் வாசித்து ஓராண்டில் முடிக்கிறார்கள். முடித்த அன்றே முதல் வரியிலிருந்து மறுபடி தொடக்கம். கதை எல்லாருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் போன வருடம் கண்ணில் படாத ஒரு சொல் இந்த வருடம் தட்டுப்படும்.

பையன் கேட்ட கதை 'வயேரா' என்ற பகுதியில் வருகிறது. ஆதியாகமம் 18 முதல் 22 வரை. நீங்கள் 22-ஐ மட்டும் எடுத்துச் சொல்லியிருப்பீர்கள். அவர்களுக்கு ஐந்து அதிகாரமும் ஒரே வாரத்துப் பாடம். 18-ல், சோதோமை அழிக்கப்போவது தெரிந்ததும் ஆபிரகாம் கடவுளோடு வாதாடுகிறார். 50 நீதிமான்கள் இருந்தால்? 45? 40, 30, 20, கடைசியில் 10. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று நேருக்கு நேர் கேட்கிறார். கடவுள் கோபிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் இறங்கி வருகிறார். ஊருக்காக அவ்வளவு பேசியவர் பெற்ற பிள்ளைக்காக ஏன் பேசவில்லை? இதைப் பையன் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது வேதம்தான்.

11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்தவர் ராஷி. இன்றைக்கும் தோராவோடு சேர்த்தே படிக்கப்படும் உரை அவருடையது. "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை" என்ற கட்டளையில் பெயர் மட்டும் போதாதா, எதற்கு இத்தனை சொல் என்று யோசிக்கிறார். யூத அறிஞர்களின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதிலிருந்து ஒரு விளக்கத்தை எடுத்து, நடுநடுவே ஆபிரகாமைப் பேசவைக்கிறார்.

"உன் மகனை."
"எனக்கு இரண்டு மகன்கள்."
"உன் ஒரே மகனை."
"அவன் அவனுடைய தாய்க்கு ஒரே மகன், இவன் இவனுடைய தாய்க்கு ஒரே மகன்."
"நீ நேசிக்கிறவனை."
"இரண்டு பேரையும்தான் நேசிக்கிறேன்."
"ஈசாக்கை."

முந்தைய அதிகாரத்தில்தான் ஆபிரகாம் தன் மூத்த மகன் இஸ்மவேலையும் அவன் தாய் ஆகாரையும், கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு "எனக்கு இரண்டு மகன்கள்" என்பதைப் படித்துப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கிறது. ராஷியை அவிசுவாசி என்பீர்களா?

தல்மூதில் ரபி யோகனான் என்றொரு பெரியவர். கூடப் படித்த ரேஷ் லாகிஷ் இறந்ததும் துக்கத்தில் உடைந்துபோனார். ஆறுதலுக்கு இன்னொரு அறிஞரை அனுப்பினார்கள். அவரோ எதைச் சொன்னாலும் ஆதாரம் காட்டி ஆமோதித்தார். யோகனானுக்குத் தாங்கவில்லை: "நான் சொல்வது சரியென்று எனக்குத் தெரியாதா? ரேஷ் லாகிஷ் 24 மறுப்புகள் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் விரியும்."

அடுத்த ஞாயிறு அந்தப் பையனையே எழுந்து நின்று 18-ஐயும் 22-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். 22-ல், பலியிட மோரியாவுக்குப் போகும்போது தகப்பனும் மகனும் சேர்ந்து போனார்கள் என்று இரண்டு தரம் வரும். அதே அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தில் வேலைக்காரர்களிடம் திரும்பி வருவதாகச் சொல்லப்படுபவர் ஆபிரகாம் மட்டுமே. அங்கே வாசிப்பை நிறுத்தி, "ஈசாக்கு எங்கே?" என்று நீங்கள் கேளுங்கள்.