ஆட்டிசம் மதிப்பீடு: நேரிலா, வீடியோவிலா?

கேள்வி: எனக்கு வயது 36. ஆட்டிசம் இருக்கலாம் என்று சொல்லி மனநல மருத்துவர் என்னை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். முறை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். நேரில் வருகிறீர்களா, வீடியோ கால் போதுமா என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். எதை டிக் செய்வது? என் சிறுவயதைப் பற்றி அம்மாவிடம் கேட்டால், "நீ ரொம்ப சமத்து, ஒரு தொந்தரவும் கிடையாது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இது சிக்கலாகுமா?

பதில்: அம்மாவிடமிருந்தே தொடங்குவோம். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. உங்கள் வாழ்க்கை வரலாறும், மதிப்பீட்டாளர் கண்ணால் பார்ப்பதும்தான் சான்று. மனநலக் கோளாறுகளைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடான டிஎஸ்எம்-5 (2013-இல் வந்தது) விதிப்படி, சமூகத் தொடர்பில் அது குறிப்பிடும் மூன்று வகைச் சிரமங்களும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒன்றிலேயே மூழ்கும் ஆர்வம், ஒலி ஒளி தொடுதலில் மிகையான அல்லது குறைவான உணர்வு என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறுவயதிலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும். ஆனால் அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்திருக்கலாம் என்று அதே விதி சொல்கிறது.

ஆகவே அம்மாவிடம் "நான் எப்படி இருந்தேன்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் எங்கே இருப்பேன்? எந்தத் துணியைப் போட மாட்டேன் என்று அழுவேன்? சொல்லாமல் திடீரென்று கிளம்பச் சொன்னால் என்ன செய்வேன்? பொம்மையை வைத்து என்ன விளையாடுவேன்? இப்படிக் கேட்டால், "நாள் பூரா பொத்தானை நிறம் பிரிச்சு அடுக்கிட்டே இருப்பே, பக்கத்துல பிள்ளைங்க வந்தாலும் திரும்ப மாட்டே" என்பது போன்ற பதில் வரக்கூடும். 'சமத்து' என்ற சொல்லுக்குள் சில நேரம் இதுதான் இருக்கும். சில நேரம் உண்மையிலேயே சமத்து மட்டும்தான். அம்மாவுக்கு நினைவில்லை என்றால் அக்கா, அண்ணன், சித்தி, பழைய பள்ளி அறிக்கைகள், வீட்டு வீடியோக்கள் எல்லாம் உதவும். யாருமே இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று மதிப்பீட்டு மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

கிடைப்பதை இரண்டு மூன்று பக்கத்தில் எழுதி வையுங்கள். "சத்தம் பிடிக்காது" என்பது பயன்படாது. "யாராவது நாற்காலியைத் தரையில் இழுத்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும், ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் பிறகு இருட்டறையில் படுத்தால்தான் மறுபடி பேச வரும், பத்து வயதில் வகுப்பறையிலும் இப்படித்தான்" என்பது பயன்படும். எப்போது, எவ்வளவு, அதனால் எது கெட்டது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பொருந்தாதவற்றையும் எழுதுங்கள். ஏடிஹெச்டி (கவனக் குறைவு, மிகைச் செயல்பாடு), சமூகப் பதற்றம், மன அதிர்ச்சியின் பாதிப்பு ஆகியவற்றிலிருந்து ஆட்டிசத்தைப் பிரித்தறிய மதிப்பீட்டாளருக்கு அது தேவை. இவை ஒருவரிடம் சேர்ந்தும் வரும்.

இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியல்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 50 கேள்விகள் கொண்ட ஏக்யூவில் 32-உம், 80 கேள்விகள் கொண்ட ராட்ஸ்-ஆரில் 65-உம் வழக்கமான எல்லை மதிப்பெண்கள். கடும் பதற்றம் உள்ளவர்களும் அவற்றைத் தாண்டிவிடக்கூடும். அது சல்லடைதான், தீர்ப்பு அல்ல.

இனி படிவம். 'எது வசதி' என்பதைவிட, எதில் நீங்கள் குறைவாக நடிப்பீர்கள், எதில் மதிப்பீட்டாளருக்கு அதிகம் தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏடிஓஎஸ்-2 என்பது மதிப்பீட்டாளர் உங்களோடு பேசிக் கவனிக்கும் சோதனை; பெரியவர்களுக்கான அதன் நான்காம் பகுதி 40 முதல் 60 நிமிடம் நேரில் செய்யப்படுவது. பேச்சில் மாறி மாறிப் பங்கெடுப்பது, கை அசைவு, பார்வை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் முறை ஒரே அறையில் இருவர் உட்கார்ந்திருப்பதை வைத்தே அமைந்தது. வீடியோவில் அரை விநாடி தாமதம் வந்தாலே, தயங்கியது நீங்களா இணைய இணைப்பா என்று தெரியாது. மேசைக்குக் கீழே விரல்கள் என்ன செய்கின்றன என்பதும் திரையில் வராது. ஏடிஓஎஸ் செய்வதாகச் சொல்லி வீடியோவில் அழைத்தால், மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். மாறாக, பெற்றோரிடம் நடத்தும் ஏடிஐ-ஆர் நேர்காணல் 93 கேள்விகளோடு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் போகும். அது வெறும் பேச்சு. அம்மா வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.

எனவே நேர்காணல் வீடியோவில், கவனிப்பு நேரில் என்ற கலப்பு முறைதான் எங்கள் பரிந்துரை. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், ஏற்கனவே வேறு நோய்க்கணிப்புகள் குழப்பமாக இருப்பவர்கள் நேரில் போவது நல்லது. பயணமே ஆளைச் சாய்த்துவிடும், புது இடத்தில் வாய் பூட்டிக்கொள்ளும் என்றால் வீடியோ சரி. அப்போது இடுப்பு வரை, கைகள் தெரியும்படி தள்ளி உட்காருங்கள். உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் சிறு சன்னலை மூடிவிடுங்கள், கண்ணாடி முன் உட்கார்ந்தால் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள். தட்டச்சில் பதில் சொல்ல அனுமதியும் கேளுங்கள்.

டிக் செய்யும் முன் இன்னொன்றையும் எழுத்தில் வாங்குங்கள்: வீடியோவில் முடிவு தெளியவில்லை என்றால் நேரில் அழைப்பார்களா, அதற்கு மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டுமா? இதைக் கேட்காமல் விட்டால் இன்னொரு வருடம் போகலாம். அறிக்கையை உங்கள் அலுவலகமோ கல்லூரியோ ஏற்குமா என்பதையும் அவர்களிடமே விசாரித்துவிடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில், பரிந்துரைக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். யாராவது ரத்து செய்தால் அந்த இடத்துக்கு அழைக்கும் பட்டியலில் பெயர் கொடுங்கள். முகவரி, தொலைபேசி எண் மாறினால் அன்றே சொல்லுங்கள். ஒரு கடிதம் கைக்கு வராமல் போனாலே பெயர் விடுபடக்கூடும். தூக்கக் கேடு, மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் போட யாருடைய சான்றிதழும் வேண்டாம். தற்கொலை எண்ணம் வந்தால் அதற்கு வரிசை கிடையாது, உடனே அவசர உதவியை நாடுங்கள்.

மாத்திரைகளை மதிப்பீட்டுக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். அன்றைக்கு எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒத்திகை பார்த்துக்கொண்டும் போகாதீர்கள். எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச எண்ணிக்கை வைத்துப் பழகியிருந்தால், "மூன்று எண்ணிப் பார்க்கிறேன், பிறகு விலகிக்கொள்கிறேன்" என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பது உங்கள் பார்வையைத்தான். அதற்குப் பின்னால் ஓடும் எண்ணிக்கை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.