ஆஸ்திரேலியாவின் ஓபல் சுரங்க ஊரான கூபர் பீடிக்குப் போனால், ஓபல் என்ற ரத்தினக் கல்லை நாமே தேடி எடுக்க முடியுமா?

முடியும். காசு எதுவும் கட்ட வேண்டாம். ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் சாலையில் பொதுமக்களுக்கென்று விட்டுவைத்த மண்மேடு இருக்கிறது. சுரங்கக்காரர்கள் தோண்டிக் கொட்டிய மண்ணைக் கிளறி, அவர்கள் கண்ணுக்குத் தப்பிய கல்லைப் பொறுக்குவதை அங்கே 'நூடுலிங்' என்பார்கள்.

அடிலெய்டிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே கிட்டத்தட்ட 850 கிலோமீட்டர். நானும் மகளும் மே மாதம் போனோம், வெயில் தாங்கும்படி இருந்தது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது, அதனால்தான் பாதிப் பேர் குன்றைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டு உள்ளே வாழ்கிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் வெளுத்த மண்ணும் கல்லும்தான். பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, சந்தேகப்படுகிற கல்லை நனைத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தோம். கிடைத்ததில் பெரும்பாலும் 'பாட்ச்', அதாவது நிறம் காட்டாத சாதா ஓபல். நிறம் காட்டுகிற ஓபலும் பாட்சும் இரண்டுமே சிலிக்காதான், மணலில் இருக்கிற அதே பொருள். கண்ணுக்குத் தெரியாத அதன் உருண்டைகள் ஒரே அளவில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால் ஒளி சிதறி நிறம் காட்டும், தாறுமாறாக இருந்தால் காட்டாது. கடைசியில் மகள் கையில் ஒரு துண்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது, திருப்பினால் பச்சையாக மின்னியது. விலைக்குப் போகாத கல்தான், ஆனாலும் அன்றைக்கு ராத்திரி முழுக்க அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரே இப்படித்தான் தொடங்கியது. 1915 பிப்ரவரியில் தங்கம் தேடிப் போன கூட்டத்தில் இருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன்தான் தரையில் கிடந்த ஓபலை முதலில் பார்த்தான். பிறகு தொழில் படுத்துப்போயிருந்த சமயம், 1946இல் டாட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண் எய்ட் மைல் பகுதியில் ஓபலைக் கண்டெடுத்தார், ஊருக்கு மறுபடி உயிர் வந்தது. அவர் பெயரை அங்கே போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வேலியில்லாத குழிகள், விழுந்தால் பிழைப்பது கஷ்டம். ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே என்று படம் போட்டே பலகை வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கிறேன் என்று ஓர் அடிகூடப் பின்னால் வைக்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். அடுத்தவர் பட்டா வாங்கித் தோண்டுகிற இடத்துக்குள்ளும் கேட்காமல் நுழையக் கூடாது.

கடையில் வாங்குவதென்றால் முழுக்கல்லா, டிரிப்லெட்டா என்று கேளுங்கள். டிரிப்லெட் என்பது மெல்லிய ஓபல் சீவலை அடியில் கறுப்புத் தகடும் மேலே கண்ணாடியோ படிகமோ வைத்து ஒட்டியது, விலை குறைவு. அதைத் தண்ணீரில் ஊறவிட்டால் பசை விட்டு உள்ளே மங்கிப்போகும், மோதிரமாகப் போட்டால் பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.