தூங்காத கண்ணோடு லூசியைப் பார்த்தது

வணக்கம் ஐயா,

வாஷிங்டனிலிருந்து ஊர் திரும்பும் வழியில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஒரு பகல் தங்க நேர்ந்தது. மனித மூதாதை இனத்தைச் சேர்ந்த லூசியின் எலும்புக்கூட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இறங்கியதும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். விமானத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை. எலும்புகளின் முன்னால் நிற்கும்போது தலை கிறுகிறுத்தது, கண் சொருகியது. பார்த்தது அசல் அல்ல, அச்சு வார்ப்பு என்பதும் பிறகுதான் தெரிந்தது. பல வருட ஆசையைத் தூக்கக் கலக்கத்தில் வீணடித்துவிட்டேனோ என்று மனசு ஆறவில்லை. நீங்களும் அங்கே போனதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எப்படி இருந்தது?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் எதையும் வீணடிக்கவில்லை. நானும் அதே வழியில், அதே கண்ணோடுதான் அங்கே இறங்கினேன்.

விடுதி வரவேற்பில் இருந்த பெண், அறை எட்டு மணிக்குக் கிடைக்கும் என்றார். என் கடிகாரத்தில் ஏழே முக்கால். சரி, கால்மணி நேரம்தானே என்று உட்கார்ந்தேன். எட்டரைக்குப் போய்க் கேட்டபோதுதான் பொறுமையாக விளக்கினார். அங்கே பொழுது விடிந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குகிறார்கள். நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி. அவர் சொன்ன எட்டு, நமக்கு மதியம் இரண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடிகிறது. அதனால் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். எனக்கு ஐந்தரை மணி நேரம் மிச்சமிருந்தது. அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன்.

கிறுகிறுப்புக்குத் தூக்கத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்த நகரம் 2,300 மீட்டருக்கு மேல், ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. தரைமட்டத்து ஊரிலிருந்து வருகிறவருக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அச்சு வார்ப்பு என்பதிலும் வருத்தம் வேண்டாம். 32 லட்சம் வருடப் பழைய எலும்பு அது. அசலைப் பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். 2007இல் அதை அமெரிக்காவுக்குக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, வழியில் சேதமாகிவிடும் என்று ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். நம் கண்ணுக்கு விருந்தாவதைவிட அது பத்திரமாக இருப்பது முக்கியம்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது லூசியின் தாடை. கடைசிக் கடைவாய்ப் பல், நாம் ஞானப்பல் என்கிறோமே, அது முளைத்து லேசாகத் தேயவும் ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் அவள் வளர்ந்த பெண். உயரமோ மூன்றரை அடிக்குச் சற்று மேல். பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கும் மாதிரியோடு ஒரு பள்ளிக்கூடச் சிறுமி தோளோடு தோள் ஒட்டி நின்று அளந்து பார்த்தாள். சிறுமிதான் உயரம். தோழிகள் கைதட்டினார்கள். அப்புறம் தொடை எலும்பு. முழங்காலை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. சிம்பன்சிக்கு அப்படி இல்லை. அந்தச் சாய்வினால்தான் இரண்டு காலில் தள்ளாடாமல் நடக்க முடிகிறது. 1974 நவம்பர் 24 அன்று எத்தியோப்பியாவின் ஹடாரில் ஆய்வாளர் டொனால்ட் ஜோஹன்சனின் குழு கண்டெடுத்தது எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம்தான். அதற்குள்ளேயே அவளுடைய நடை இருந்தது.

என் கடிகாரத்தில் அப்போது காலை பத்து என்றால், இன்னும் வாஷிங்டன் கணக்கிலேயே இருந்த என் உடம்புக்கு அதிகாலை மூன்று. மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நம் உடம்பின் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும்; கிழக்கே பறந்தால் இன்னும் மெதுவாக. பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள கடிகாரம், ஆகவே லூசிக்கும் இருந்தது. நடந்தே போகிற தூரத்தில் அவளுக்கு அது ஒருநாளும் பிசகியிருக்காது. ஏழு மணி நேரத்தை ஒரே இரவில் தாண்டி வந்து தள்ளாடி நின்ற எனக்கு, அவளுடைய உடம்புதான் என்னுடையதும் என்று அன்று தோன்றியதுபோல் வேறெங்கும் தோன்றியதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து போயிருந்தால் இது எனக்கு உறைத்திருக்காது.

வெளியே தோட்டத்தில் ஒரு பெஞ்சில் அப்படியே தூங்கிவிட்டேன். காவலர் ஒருவர் தோளைத் தொட்டு எழுப்பி, "டின்கினேஷைப் பார்த்தீர்களா?" என்றார். லூசிக்கு அம்ஹாரிக் மொழியில் அதுதான் பெயர். 'நீ அற்புதமானவள்' என்று அர்த்தமும் அவரே சொன்னார். லூசி என்பது, எலும்புகளைக் கண்டெடுத்த அன்றிரவு ஆய்வாளர்களின் முகாமில் ஓடிய ஒரு பாட்டில் வந்த பெயர். எனக்கு டின்கினேஷ்தான் பிடித்திருக்கிறது.

அந்தக் கலக்கத்திலும் உங்களுக்கு ஏதாவது ஒன்று மனதில் பதிந்திருக்கும். எலும்போ, கண்ணாடியில் விழுந்த வெளிச்சமோ, பக்கத்தில் நின்றவர் முகமோ, எதுவானாலும் சரி. மறப்பதற்குள் எழுதி அனுப்புங்கள்.