கடன் எடுப்பதென்றால் கடைசியில் எடுங்கள்: சட்டப் படிப்புச் செலவு பற்றிய கேள்வி பதில்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான்: “சட்டம் படிக்க எவ்வளவு காசு முடியும், எங்க கடன் எடுக்கலாம்?” யாழ்ப்பாண நீதிமன்றங்களில் தொழில் செய்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன். கேள்விகளை வந்த ஒழுங்கிலேயே எடுத்திருக்கிறேன்.

கோப்பாயிலிருந்து ஒரு மாணவி: அக்கா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில சட்டம் கிடைச்சிருக்கு. அப்பா மேசன் வேலை. இப்பவே வங்கியில கடன் எடுத்து வைக்கச் சொல்லிச் சித்தப்பா சொல்லுறார். எடுக்கலாமோ?

வேண்டாம் தங்கச்சி. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. கொழும்பு, பேராதனை கிடைத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு முடியப்போவது சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி, ஒரு மடிக்கணினி. கோப்பாயிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்கு சைக்கிளிலேயே வந்துவிடலாம். அதற்காகக் கடன் எடுத்தால், நாலு வருசமும் வட்டி கட்டிவிட்டு, உண்மையில் காசு தேவைப்படும் நேரத்தில் வெறுங்கையோடு நிற்பீர்கள். அந்த நேரம் எது என்பதைக் கீழே சாவகச்சேரித் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் வாசியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது. 1981இல் லலித் அத்துலத்முதலி கொண்டுவந்த திட்டம் அது. அவரும் ஒரு சட்டத்தரணிதான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொலவை 7,500 ஆகவும், மற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஊடாகக் கிடைக்கும் பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். மகாபொல கிடைக்காவிட்டால் பர்சரிக்கு விண்ணப்பியுங்கள். “எனக்கு மகாபொல வரேல்லை” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது வேறு படிவம், வேறு திகதி.

உரும்பிராயிலிருந்து ஒரு தாய்: மிஸ், வருமானச் சான்றிதழுக்கு விதானையாரிட்ட (கிராம சேவகர்) போனனான். கனடாவில இருந்து தம்பி அனுப்புற காசையும் போடச் சொல்லுறார். போட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்காதெண்டு பக்கத்து வீட்டில சொல்லுறினம். மறைக்கலாமோ?

அம்மா, மறைக்க வேண்டாம். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று முதலில் ஆறுதலாகப் பாருங்கள். பெற்றோரின் வருமானத்தைக் கேட்டால் அதை எழுதுங்கள். வேறு வருமானம் இருக்கிறதா என்று கேட்டால் அதையும் எழுதி, “தாய்மாமன் இடைக்கிடை அனுப்பும் உதவி, நிரந்தரமில்லை” என்று ஒரு வரி சேருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் காசு வேறு, மாதாமாதம் வரும் காசு வேறு. அந்த வித்தியாசத்தை விதானையாருக்கும் பிரதேச செயலகத்துக்கும் விளங்கப்படுத்தினால் கேட்பார்கள்.

மற்றப் படிப்பென்றால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். சட்டம் படிக்கும் பிள்ளை கடைசியில் போய் நிற்பது உயர் நீதிமன்றத்தின் முன். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நற்பெயருள்ளவர்களையே சட்டத்தரணிகளாகச் சேர்க்கலாம் என்கிறது. பதினெட்டு வயதில் கொடுத்த பொய் விபரம் இருபத்தைந்து வயதில் யாருடைய கடிதத்தில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. எரிச்சல் பிடித்த சொந்தக்காரர் இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் இருக்கிறதா?

சாவகச்சேரியிலிருந்து மூன்றாம் வருட மாணவன்: பட்டம் முடிஞ்ச கையோட உழைக்கத் தொடங்கலாம் எண்டு வீட்டில நினைக்கினம். அது சரியோ அக்கா?

தம்பி, இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்.எல்.பி பட்டம் உங்களைச் சட்டத்தரணி ஆக்காது. அதற்குப் பிறகு கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள் இருக்கின்றன. 1874இல் தொடங்கிய கல்லூரி. இந்த நாட்டில் சட்டத்தரணி ஆக விரும்புகிறவர் எல்லோரும் அந்த வாசலைக் கடந்தே ஆகவேண்டும். அங்கே கட்டணம் உண்டு, பரீட்சைக் கட்டணமும் உண்டு. பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதப் பயிற்சி. அதில் அனேகமாகச் சம்பளம் இல்லை. சீனியர் நல்லவரென்றால் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் தருவார். பிறகு சத்தியப்பிரமாணச் செலவு, கோட்டு, அங்கி, சட்டத்தரணிகள் சங்கச் சந்தா.

சத்தியம் எடுத்த மறுநாளே கட்சிக்காரர் வரிசையில் நிற்பதும் இல்லை. முதல் ஒன்றிரண்டு வருசம் சீனியருக்குப் பின்னால் கோப்புத் தூக்குவதுதான் வேலை. ஆக, பட்டம் முடிந்து கையில் ஒழுங்காகக் காசு வரத் தொடங்கும் வரை உள்ள காலம்தான் சட்டப் படிப்பின் உண்மையான செலவு. மகாபொல அதற்குள் நின்றிருக்கும். வீட்டில் தங்கச்சி ஏ.எல் வகுப்புக்கு வந்திருப்பாள். கொழும்பு வெள்ளவத்தையில் அறை வாடகை யாருக்காகவும் குறையாது.

கடன் எடுப்பதென்றால் இந்தக் காலத்துக்கு எடுங்கள், அதுவும் பட்டப்படிப்பின் கடைசி வருசத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு. மூன்றாம் வருசத்தில் இருக்கிற உங்களால் இப்போதே இரண்டு விசயம் செய்யலாம். ஒன்று, ஓ.எல் பிள்ளைகளுக்கு மாலையில் ரியூசன் கொடுத்து அந்தக் காசைத் தொடாமல் வைப்பது. இரண்டு, ஆறு மாதப் பயிற்சியை யாழ்ப்பாணத்தில் ஒரு சீனியரிடம் செய்ய முடியுமா என்று கேட்டு வைப்பது. வீட்டுச் சாப்பாட்டோடு பயிற்சி செய்தால் அரைவாசிச் செலவு இல்லை. எங்கள் சீனியர்மாரில் சிலர் கடுமையானவர்கள், உண்மைதான். ஆனால் வாடகை கேட்கமாட்டார்கள்.

நெல்லியடியிலிருந்து ஓர் ஆசிரியர்: வங்கியில் கல்விக் கடன் எடுக்க நினைக்கிறேன். படிப்பு முடியும் வரை கட்டத் தேவையில்லை என்கிறார்கள். நல்லதுதானே?

சேர், “கட்டத் தேவையில்லை” என்பதும் “வட்டி ஏறாது” என்பதும் ஒன்றல்ல. ஒரு கணக்குக்கு 10 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருசச் சலுகைக் காலத்தில் ஒன்றும் கட்டாமல் இருந்தால் தனிவட்டியிலேயே 2 லட்சத்து 80 ஆயிரம் ஏறிவிடும். அதை முதலோடு சேர்ப்பார்களா, தனியே அறவிடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, வட்டியைக் குறைந்து செல்லும் மீதியில் கணக்கிடுகிறார்களா, முழுத்தொகையில் கணக்கிடுகிறார்களா என்பது. அதே 10 லட்சத்தை அதே 14 சதவீதத்தில் ஐந்து வருசத்தில் கட்டினால், முதல் முறையில் மாதம் ஏறத்தாழ 23,270 ரூபாய், மொத்தம் கிட்டத்தட்ட 13 லட்சத்து 96 ஆயிரம். இரண்டாவது முறையில் மாதம் 28,333, மொத்தம் 17 லட்சம். வீதம் ஒன்றுதான், வித்தியாசம் மூன்று லட்சம். கையொப்பம் வைக்க முன்னர், மாதத் தவணையை மாதங்களால் பெருக்கிப் பார்த்தால் போதும், வேறு சூத்திரம் தேவையில்லை.

நீங்கள் அரச ஆசிரியர் என்றால், வங்கிக்குப் போக முன்னர் திணைக்களத்தில், அரச ஊழியருக்குக் கொடுக்கும் இடர் கடனைப் பற்றி விசாரியுங்கள். வட்டி 4.2 சதவீதம்தான். பெரிய தொகை வராது, ஆனால் சட்டக் கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பகுதியை மலிவாகச் சமாளிக்கலாம்.

சுன்னாகம்: அப்பாவின் ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் முப்பது வீதம் எடுக்கலாமா?

படிப்புக்கு எடுக்க முடியாது. அந்த 30 சதவீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: மகள் சட்டக் கல்லூரிக்குப் போகிறாள். எனக்குச் சீதனமாகத் தந்த காணி ஒன்று வடமராட்சியில் இருக்கிறது, உறுதி என் பெயரில். ஈடு வைக்கப் போனால் வங்கியில் கணவரின் கையொப்பம் கேட்கிறார்கள். அவர் 2009இல் காணாமல் போனவர். நான் என்ன செய்வது?

அம்மா, வங்கி உங்களை அலைக்கழிக்கக் கேட்கவில்லை. வடக்குத் தமிழரான எங்களுக்குப் பொருந்தும் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தோடு சேர்ந்து 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைகள் கட்டளைச்சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். நூறு வருசத்துக்கு மேலாகியும் மாறவில்லை. மாற வேண்டும் என்பது என் கருத்து, அதை இன்னொரு நாள் கதைப்போம்.

வழி இல்லாமல் இல்லை. அதே கட்டளைச்சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். கணவரின் இருப்பிடம் தெரியாத நிலையில், சம்மதம் இல்லாமலே சொத்தைக் கையாள நீதிமன்றம் அனுமதி கொடுக்க முடியும். இதோடு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின் கீழ் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ பெறலாம். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக வந்த ஏற்பாடு அது. அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. மகளின் உதவித்தொகைப் படிவங்களில் தகப்பன் பற்றிய இடத்தை நிரப்பவும் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

மனுவுக்கு மாதங்கள் எடுக்கும், ஆகையால் முதல் தவணைக் கட்டணத்தை இந்தக் காணியை நம்பி வைக்காதீர்கள். அதற்கு நகையை அடைவு வைப்பது பரவாயில்லை. திருப்ப முடியாமல் போனாலும் போவது ஒரு சங்கிலி, காணி அல்ல. சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் இந்த மனு பற்றிக் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள்.

மானிப்பாய், வங்கி ஊழியர்: வேலையை விடாமல் சட்டம் படிக்க வழி உண்டா?

திறந்த பல்கலைக்கழக எல்.எல்.பி. தெரிவுப் பரீட்சை உண்டு, கட்டணமும் உண்டு. ஆனால் அந்தந்த வருசம் பதியும் பாடங்களுக்குத்தான் கட்டுவீர்கள். கொக்குவிலில் பிராந்திய நிலையம் இருக்கிறது. இரண்டு பாடத்தைத் தள்ளிப்போட்டால் அந்த வருசச் செலவும் தள்ளிப்போகும். உங்களைப் போலச் சம்பளம் எடுப்பவர்களுக்கு எந்த ஸ்கொலஷிப்பையும் விட இது நல்லது. சோம்பல்தான் எதிரி.

ஊர்காவற்றுறை: தனியார் நிறுவனம் ஒன்றில் சட்டப் பட்டத்துக்குச் சேரச் சொல்லுகிறார்கள். அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

அந்தக் கடன் உண்மையான திட்டம்தான். ஏ.எல் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக, அங்கீகரித்த அரசசார்பற்ற நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயரே அந்த ஆண்டு அறிவித்தலில் இருக்க வேண்டும். பிறகு சட்டக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் எடுங்கள். இரண்டும் கையில் வரும் வரை முற்பணம் கட்டாதீர்கள். “இண்டைக்குக் கட்டினால் கழிவு” என்று அவசரப்படுத்தினால் எழும்பி வாருங்கள்.

அளவெட்டி: மாமா நியூஜேர்சியில். அமெரிக்காவில் சட்டம் படிக்க அங்கே மாணவர் கடன் கிடைக்குமா?

அந்த நாட்டு மத்திய அரசின் கடன் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான். அவர்களுக்கே 2026 ஜூலையிலிருந்து புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு வருடம் 50,000 டொலர், மொத்தம் 200,000 டொலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. நீங்கள் போனால் தனியார் கடன், அதுவும் மாமா பிணை நின்றால். நீங்கள் தவறினால் மாமாவின் வீட்டுக் கடனும் ஆட்டம் காணும். அங்குள்ள சட்டப் பள்ளிகள் சில தரும் புலமைப்பரிசில், குறிப்பிட்ட புள்ளிக்குக் கீழே போனால் அடுத்த வருசம் நின்றுவிடும். அந்த நிபந்தனையையும் கேட்டறியுங்கள். என்னைக் கேட்டால் இங்கே சட்டத்தரணியாகி, எல்.எல்.எம் (சட்ட முதுமாணி) படிக்க வெளியே போவது நல்லது. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் முழுச்செலவையும் ஏற்கும். அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டு வருசம் நாட்டில் இருக்க வேண்டும். கொமன்வெல்த் புலமைப்பரிசிலுக்கும் இலங்கையர் விண்ணப்பிக்கலாம்.

கொக்குவில்: லண்டனில் இருக்கிற எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

மொத்தமாகப் பெரிய தொகை கேட்டால் கூட்டம் வைத்து, குழு அமைத்து, வருசத்தைப் போக்கிவிடுவார்கள். “சட்டக் கல்லூரிப் பரீட்சைக் கட்டணம் இவ்வளவு, இந்தத் திகதிக்கு முதல் கட்ட வேண்டும்” என்று கட்டணச் சீட்டின் பிரதியோடு எழுதுங்கள். முடிந்தால் காசை நேரே கல்லூரிக்கே கட்டச் சொல்லுங்கள். பாடசாலை அதிபரின் கடிதம் ஒன்றும் வையுங்கள். காசு கட்டியதும் பற்றுச்சீட்டை அனுப்புங்கள். அடுத்த வருசம் அவர்களே கேட்டு எழுதுவார்கள்.