மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் இயேசுவின் வம்ச வரலாற்றைப் படித்து என்ன பயன்?

கிருஷ்ணகிரியில் ஞாயிறு பள்ளி நடத்தும் சகோதரி கேட்டது: "பெயர்ப் பட்டியல் வந்தாலே பிள்ளைகள் பக்கத்தைத் தள்ளுகிறார்கள். நானும் விட்டுவிடலாமா?"

விடாதீர்கள் சகோதரி. அதற்காக மனப்பாடம் செய்யவும் சொல்லாதீர்கள், அது தண்டனை! பட்டியல் இடறும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். தகப்பன், மகன் என்று ஓடும் வரிசையில் இயேசுவின் தாய் மரியாளுக்கு முன்பே நான்கு பெண்கள் வருகிறார்கள். குலத்தாய்களான சாராளும் ரெபெக்காளும் அதில் இல்லை. மாமனாரிடம் முக்காடிட்டு வந்த தாமார், எரிகோவின் வேசி ராகாப், மோவாபிய விதவை ரூத் இருக்கிறார்கள். நான்காமவள் பத்சேபாள், பெயர் சொல்லாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்கிறது 6-ஆம் வசனம். உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவின் குற்றம் அந்த ஒரே சொற்றொடரில் பதிவாகிவிட்டது. நம் பக்கம் பங்காளிகள் கூடிக் குலப்பெருமை பேசும்போது இப்படி யாராவது வாய் திறப்பார்களா? கிருபை என்று நாம் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

17-ஆம் வசனம் ஆபிரகாம் முதல் தாவீது, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு, அது முதல் கிறிஸ்து என, பதினான்கு பதினான்கு தலைமுறையாக மூன்று அடுக்கு என்கிறது. தாவீதின் வம்சத்தைப் பட்டியலிடும் பழைய ஏற்பாட்டின் 1 நாளாகமம் 3-ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மத்தேயுவில் யோராம், உசியா என்ற அரசர்களுக்கு இடையே அகசியா, யோவாஸ், அமத்சியா விடுபட்டிருப்பது தெரியும். ஆக, இது பிறப்புப் பதிவேடு அல்ல, தாவீதை மையமாக்கிச் சொல்லும் அறிக்கை. இன்னொரு நற்செய்தி எழுதிய லூக்காவோ தம் பட்டியலில் ஆதாம் வரை போகிறார். எல்லா மனிதரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பெயர் பொறிப்பதன் மதிப்பு உடனே புரியும்.

1 நாளாகமத்தின் தொடக்கத்தில் பெயர்ப் பட்டியலாகவே வரும் 9 அதிகாரங்களுக்கு அவசரமில்லை. 4:9-10 போதும்: பெயர்களுக்கு நடுவே யாபேஸ் செய்த ஜெபம்.