வெளிநாட்டிலிருந்து அனுப்பிய 1,000 டாலரில் 975தான் வந்தது. மீதியை எடுத்தது யார்?

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் முழுத் தொகையையும் அனுப்பியதாக அடித்துச் சொல்கிறார், உங்கள் கிளையோ "நாங்கள் எடுக்கவில்லை" என்கிறது. அநேகமாக இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கிளையில் அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கமாட்டார்கள் என்பதுதான் என் நெடுநாள் எரிச்சல்.

நான் வங்கி ஊழியன் அல்லன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன். "விதி தெரியாமல் எழுதுகிறார்" என்று பின்னூட்டம் இடவிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்விஃப்ட் காப்பியில், அதாவது வங்கிகள் பணம் அனுப்பும்போது ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியின் நகலில், கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலுள்ள ஒரு பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்) எங்களுக்கு 8,400 டாலர் அனுப்பினார், 8,375 வந்தது. கிளையில் "அனுப்பியவரைக் கேளுங்கள்" என்றார்கள், பையரோ தம் வங்கி ரசீதை அனுப்பிவைத்தார். கடைசியில் எம்.டி. 103 என்ற அந்த ஸ்விஃப்ட் செய்தியின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். அதில் அனுப்பச் சொன்ன தொகைக்கான 33பி என்ற இடத்தில் 8,400, வந்து சேரும் தொகைக்கான 32ஏ என்ற இடத்தில் 8,375, கட்டணம் யாருடையது என்று சொல்லும் 71ஏ என்ற இடத்தில் எஸ்.எச்.ஏ., அதன் கீழே பிடித்த கட்டணத்துக்கான 71எஃப் என்ற இடத்தில் 25 டாலர். பிடித்தது நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கி.

ஜெர்மனியிலிருந்து திருப்பூருக்கு வரும் பணம் நியூயார்க் போவானேன் என்றால், டாலர் கடைசியில் அமெரிக்க வங்கிகளுக்கு இடையில்தான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஸ்விஃப்ட் என்பது செய்தியை மட்டுமே கொண்டுபோகும், பணத்தை அல்ல. நம் வங்கி நியூயார்க் வங்கி ஒன்றில் நோஸ்ட்ரோ என்னும் டாலர் கணக்கு வைத்திருக்கும். பையரின் சிறிய வங்கிக்கு அங்கே வேறொரு வங்கியில் கணக்கு இருக்கும். வழியில் உள்ள ஒவ்வொருவரும் தம் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடலாம். எஸ்.எச்.ஏ. என்றால் அனுப்புபவர் தம் வங்கியின் கட்டணத்தை மட்டும் ஏற்கிறார், இடையில் பிடிப்பது பெறுபவர் தலையில். ஓ.யு.ஆர். என்றால் எல்லாம் அனுப்புபவருடையது, பி.இ.என். என்றால் எல்லாம் நம்முடையது. 2025 நவம்பரில் எம்.டி. 103-இன் இடத்தை ஐ.எஸ்.ஓ. 20022 என்ற புதிய செய்தி வடிவம் முழுமையாக எடுத்துக்கொண்டதால் புதிய நகல்களில் இவை எஸ்.எச்.ஏ.ஆர்., டி.இ.பி.டி., சி.ஆர்.இ.டி. என்று இருக்கும்.

அந்த 25 டாலரைவிட அதன் பின்விளைவுதான் எங்களைப் படுத்தியது. ஏற்றுமதிக்கான பணம் வந்துசேர்ந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். முறையில், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் பதியும் ஆவணம்) தொகையும் வந்த தொகையும் அப்போது பொருந்த வேண்டியிருந்தது. குறைவை வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்று வங்கி பதிந்தால்தான் பில் முழுதாக முடியும் என்பது அன்றைய நிலை. அந்த ஒரு பதிவுக்காக, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக அலையவிட்டார்கள்.

ஆகவே முதலில் ஸ்விஃப்ட் காப்பியைக் கேளுங்கள். கிளை மறுத்தால், வாடிக்கையாளரிடம் யு.இ.டி.ஆர். என்ற 36 எழுத்து எண்ணை, அதாவது அந்தப் பணப்பரிமாற்றத்துக்கே உரிய அடையாள எண்ணை, வாங்குங்கள். அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் எவ்வளவு குறைந்தது என்று அவருடைய வங்கியால் பெரும்பாலும் பார்த்துச் சொல்ல முடியும். இந்தக் கட்டணம் பொதுவாகத் தொகைக்குத் தக்கபடி ஏறுவதில்லை என்பதால், உங்களைப் போல் சிறுசிறு தொகையாகப் பெறுபவர்களுக்குத்தான் அடி அதிகம்; இரண்டு மூன்று பில்களைச் சேர்த்து அனுப்பச் சொல்வது நல்லது. கூடவே மாற்று விகிதத்தையும் பாருங்கள். எங்கள் 8,375 டாலரில் டாலருக்கு 50 பைசா குறைத்துப் போட்டிருந்தாலே 4,187 ரூபாய் போயிருக்கும். 25 டாலர் அதில் ஏறக்குறைய பாதிதான்.

நாங்கள் இப்போது இன்வாய்ஸிலேயே "எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புபவருடையது, ஓ.யு.ஆர்." என்று அச்சிடுகிறோம். அப்படியும் எப்போதாவது குறைந்து வருவதுண்டு. அப்போது கேட்டுப் பெற வேண்டியது பையரின் வங்கிதான். இதற்கு ஒப்புக்கொள்ளாத பையர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விலை சொல்லும்போதே அந்த 25 டாலரைப் பீஸ் விலையில் ஏற்றிவிடுகிறோம்.